ஈகிள் ப்ராஜெக்ட்டைப் பிள்ளையே நடத்தட்டும்

நியூ ஜெர்சியில் ஒரு சாரணர் ட்ரூப்பில் பல ஆண்டுகளாக உதவி ஸ்கவுட் மாஸ்டராக இருக்கிறேன். ஈகிள் நிலையை நோக்கிப் போகும் பிள்ளைகளுக்குத் துணை நிற்பதுதான் என் முக்கியமான வேலை. மகனோ மகளோ ஈகிளுக்கு முந்தைய லைஃப் நிலைக்கு வந்துவிட்டால் தமிழ்ப் பெற்றோர் என்னைத் தேடி வந்து, “நல்ல ப்ராஜெக்ட் ஐடியா ஒண்ணு சொல்லுங்க சார், சம்மர் லீவுலயே முடிச்சிடலாம்” என்பார்கள். பிள்ளை பக்கத்தில் பேசாமல் நிற்கும். “அவனையே வந்து கேக்கச் சொல்லுங்க” என்பதுதான் என் பதில். சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் ஈகிள் ப்ராஜெக்ட்டின் முதல் வேலை அந்தக் கேள்வியைப் பிள்ளை தன் வாயால் கேட்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910-இல் தொடங்கியது. பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அதன் பெயர் 2025 பிப்ரவரியில் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று மாறியது. அதன் மிக உயர்ந்த நிலை ஈகிள். 1912-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆர்தர் எல்ட்ரெட் முதல் ஈகிள் ஆனபோது 21 மெரிட் பேட்ஜ்கள் இருந்தாலே போதுமாக இருந்தது. சமூகப் பணி ஒன்றைத் திட்டமிட்டு நடத்த வேண்டும் என்ற விதி 1965-இல்தான் சேர்ந்தது. 2019 முதல் பெண் பிள்ளைகளும் இந்தத் திட்டத்தில் சேர்ந்து, 2021-இல் முதல் அணியாக ஈகிள் ஆனார்கள்.

விதி கேட்பது இதுதான்: ஒரு பள்ளிக்கோ, வழிபாட்டுத் தலத்துக்கோ, ஊருக்கோ பயன்படும் ஒரு பணியைப் பிள்ளை திட்டமிட்டு, உருவாக்கி, மற்றவர்களை வைத்து நடத்த வேண்டும். இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற கணக்கு எதுவும் இல்லை. வீட்டுக் கராஜில் தனியாக உட்கார்ந்து அருமையான மேஜை ஒன்றைச் செய்து கோயிலுக்குக் கொடுத்தாலும் அது ஈகிள் ப்ராஜெக்ட் ஆகாது. கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர் கையில் வாளி இருக்காது. எந்த இலையில் என்ன குறைகிறது என்று அவர் கண் பார்த்துக்கொண்டே போகும். பிள்ளையிடம் எதிர்பார்ப்பது அந்தக் கண்ணைத்தான்.

எங்கள் ட்ரூப்பில் ஒரு பையன் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றுக்கு மர பெஞ்சுகள் போட்டுத் தர நினைத்தான். படம் வரைந்து, செலவுக் கணக்கும் போட்டு வைத்திருந்தான். முதலில் பூங்கா அலுவலகத்தோடு பேசச் சொன்னேன். மெசேஜ் அனுப்பியே வளர்ந்த பிள்ளைகளுக்கு முன்பின் தெரியாத பெரியவரிடம் போனில் பேசுவது மலைபோலத் தெரியும். “அங்கிள், நீங்க பேசுங்களேன்” என்றான். அதற்கு நான் சொல்லும் வழி எளிது. பெயர், ட்ரூப், எதற்காகப் பேசுகிறேன், யாரிடம் பேச வேண்டும் என்று நான்கு வரி தாளில் எழுதி, அதைப் பார்த்தே பேசலாம். அவனும் அப்படித்தான் பேசி நேரம் வாங்கினான்.

பூங்கா அலுவலர் அவன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெஞ்ச் வேண்டிய அளவு இருக்கிறது என்றார். பலர் அந்த இடத்தில் நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுவார்கள். இவன், அப்படியானால் பூங்காவுக்கு எது தொந்தரவாக இருக்கிறது என்று கேட்டான். மீன் பிடிக்க வருகிறவர்கள் அறுத்துப் போடும் தூண்டில் நரம்புதான் என்று பதில் வந்தது. அந்த நைலான் நரம்பு மக்குவதே இல்லை. பறவைகளின் கால்களிலும் ஆமைகளின் கழுத்திலும் சுற்றிக்கொள்கிறது. புல்வெட்டும் இயந்திரத்திலும் சிக்குகிறது. அதைப் போட்டு வைக்கக் கரையோரம் ஏதாவது இருந்தால் நல்லது என்றார் அவர். பெஞ்ச் படம் அன்றோடு பைக்குள் போனது. கரையோரம் கம்பங்கள் நட்டு, நரம்பைப் போட்டு வைக்கும் குழாய்களை அவற்றில் பொருத்துவதே அவன் ப்ராஜெக்ட் ஆனது.

பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். கொடுக்க விரும்பும் பொருளோடு போகாதே, கேள்வியோடு போ. நூலகம், உணவு வங்கி, முதியோர் இல்லம், தீயணைப்பு நிலையம் எங்கே கேட்டாலும், ஆள் இல்லாமல் தள்ளிப்போட்டு வைத்த வேலை ஒன்றாவது இருக்கும். தேவைப்படாத இடத்தில் போட்ட பெஞ்சை இரண்டு குளிர்காலம் கழித்து யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு காகித வேலை. பெற்றோர் அதிகம் அலுத்துக்கொள்வது இங்கேதான். எனக்கு இது பிடித்த பகுதி. திட்ட வரைவில் நான்கு ஒப்புதல் வேண்டும்: உதவி பெறும் அமைப்பு, ஸ்கவுட் மாஸ்டர், ட்ரூப் கமிட்டி, கடைசியாகச் சாரணர் கவுன்சில் அல்லது சாரணர் மாவட்டம். நான்கும் கிடைக்கும் முன் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. ஊராரிடமும் கடைகளிலும் பணம் திரட்டுவதானால் தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். சொந்தக் குடும்பம், ட்ரூப், உதவி பெறும் அமைப்பு இவர்கள் தரும் பணத்துக்கு அது தேவையில்லை. மிஞ்சிய பணம் உதவி பெறும் அமைப்புக்கே போகும். பதினாறு வயதில் மற்றவர் பணத்துக்கு ரசீதோடு கணக்கு வைக்கப் பழகுவது சின்ன விஷயமா?

வேலை மண்ணைத் தோண்டுவது என்றால் 811 என்ற எண்ணுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கட்டணம் கிடையாது. நிலத்தடியில் ஓடும் குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் மேலே வண்ண அடையாளம் போட்டுப் போவார்கள். சிவப்பு என்றால் மின்சாரம், மஞ்சள் என்றால் எரிவாயு, நீலம் குடிநீர், ஆரஞ்சு தொலைத்தொடர்பு, பச்சை சாக்கடை. எங்கள் பையன் நடவிருந்த ஒரு கம்பத்தின் இடத்தில் மஞ்சள் கோடு ஓடியது. இடத்தைத் தள்ளி வைத்தான். எங்கள் ஊர்க் குளிருக்குக் கம்பக்குழி உறைபனி இறங்கும் ஆழத்தையும் தாண்டிப் போக வேண்டும். இல்லையென்றால் மண்ணில் உள்ள ஈரம் உறைந்து கம்பத்தை மேலே தூக்கிவிடும். பதப்படுத்திய மரத்தில் சாதாரண திருகாணி சீக்கிரம் அரித்துவிடும், அதற்கென்று முலாம் பூசியதை வாங்க வேண்டும். இதையெல்லாம் அவனே மரக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தான்.

வேலை நாளுக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். பிவிசி குழாயை வெட்டி, மழை இறங்காதபடி மேலே எல்போ வைத்து, கீழே திருகித் திறக்கும் மூடி போட்டுக் கம்பத்தில் பொருத்த வேண்டும். கொஞ்ச நேரத்துக்குள் அப்பாக்கள் ட்ரில்லைக் கையில் எடுத்துவிட்டார்கள். நல்ல மனசுதான், வேலை தெரிந்தவர்கள், சும்மா நிற்க முடியவில்லை. பையன் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். நான் அவன் அப்பாவைத் தனியே அழைத்து, வந்தவர்களின் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தேன். இன்னும் இரண்டு பேரைச் சாப்பாடு வாங்க அனுப்பினேன். மின் ரம்பம் போன்றவற்றைப் பெரியவர்கள்தான் இயக்க வேண்டும் என்பது விதி. 21 வயது நிரம்பிய, பதிவு செய்த பெரியவர்கள் குறைந்தது இருவர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். ஆனால் எந்தக் குழாயை எங்கே வெட்டுவது என்று சொல்ல வேண்டியவன் பிள்ளைதான். பெரியவர்கள் விலகியதும் அவன் குரல் வெளியே வந்தது. ஆட்களைப் பிரித்தான். பசை தடவும் முன் எல்லாவற்றையும் வெறுமனே பொருத்திப் பார்க்கச் சொன்னான், ஏனென்றால் அந்தப் பசை பிடித்துவிட்டால் பிரிக்க முடியாது.

புதிதாகச் சேர்ந்த பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் அளந்து கோடு போட்டதில் ஒரு குழாய் குட்டையாகிவிட்டது. அவன் முகம் சுருங்கிப் போனது. நம்மாள் ஒரு நிமிடம் அந்தக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படித்துறைப் பக்கம் உள்ள கம்பம் தாழ்வாகத்தானே இருக்கிறது, அதற்கு இதுவே சரியாக இருக்கும் என்றான். பிறகு அடுத்த குழாயையும் அதே சிறுவனிடமே கொடுத்து, இந்தத் தடவை இரண்டு முறை அள என்று மட்டும் சொன்னான். நான் பார்த்த ஈகிள் ப்ராஜெக்ட்டுகளில் தலைமை என்றால் என்ன என்பதை அவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்த்ததில்லை.

குழாய் பொருத்தியதோடு வேலை முடியாது. அதை யார் காலி செய்வது? சேரும் நரம்பு எங்கே போகும்? இதையும் அவன் பூங்கா அலுவலகத்தோடு பேசி முடித்து வைத்தான். கேர்ள் ஸ்கவுட்ஸ் என்பது வேறு அமைப்பு. அதன் கோல்ட் அவார்டில் பணி நிலைத்து நிற்பதற்கான வழியையும் பிள்ளை காட்டியே ஆக வேண்டும். ஈகிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும், நான் துணை நிற்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அதைக் கேட்டுவிடுவேன்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாத் தேவைகளும் 18-ஆவது பிறந்தநாளுக்கு முன் முடிந்திருக்க வேண்டும். போர்டு ஆஃப் ரிவ்யூ என்ற இறுதி நேர்காணல் மட்டும் அதற்குப் பின் நடக்கலாம். பதினொன்றாம் வகுப்பில் தேர்வுகள் நெருக்கும்போது தொடங்கினால் பிள்ளையும் திணறும், வீடும் திணறும். ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ தொடங்குவதே நல்லது.

கோர்ட் ஆஃப் ஹானர் விழாவில் சிவப்பு, வெள்ளை, நீல நாடாவில் பதக்கம் அணிவிப்பார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனி பின் உண்டு. தனக்கு வழிகாட்டியவருக்குப் பிள்ளை தானே ஒரு பின் குத்தலாம். ஊர் மேயர், சட்டமன்ற உறுப்பினர்களிடமிருந்து பாராட்டுக் கடிதங்களும் கேட்டு வாங்கலாம். இந்தப் பாராட்டு பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும், விழாவைச் சுருக்கிவிடாதீர்கள். கல்லூரி விண்ணப்பத்தில் உதவுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: உதவலாம். ஆனால் அதற்காக மட்டும் தொடங்கிய ப்ராஜெக்ட்டுகள் பாதியில் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியிலோ, கோயிலிலோ, நூலகத்திலோ செய்து முடிக்க வேண்டிய வேலை ஏதாவது தங்கிக் கிடந்தால், பக்கத்து ட்ரூப்பின் ஸ்கவுட் மாஸ்டரிடம் சொல்லி வையுங்கள். ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிப் போன் செய்யும்போது அவசரப்படுத்தாமல் கேளுங்கள். அப்பா அம்மாவைப் பேசச் சொல்லாதீர்கள்.