ஒற்றும் தெளிவும்

நுழையும்முன்

பகைவரைப் பற்றிய செய்தி கைக்கு வந்துவிட்டால் பாதி வெற்றி கிட்டிவிட்டது என்று எண்ணுகிறோம். அச்செய்தியை யார் பார்க்கிறார், எவ்வாறு சோதிக்கிறார், சோதிக்க வழியில்லாதபோது யாரை நம்புகிறார் என்பவை அதனினும் பெரிய வினாக்கள். சங்கப் பாடல்கள் இரண்டும் பசிபிக் பெருங்கடலில் நிகழ்ந்த போர் ஒன்றும் இவ்வினாக்களை நம்முன் வைக்கின்றன.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் நால்வகை வலிமைகளை எடைபோடச் சொல்லித் தொடங்குகிறது. மேற்கொள்ளும் செயலின் வலிமை, தன் வலிமை, பகைவனின் வலிமை, இருவர்க்கும் துணை நிற்போரின் வலிமை என்பன அவை. பகைவனின் வலிமை நான்கனுள் ஒன்று மட்டுமே என்பதைக் கருதுக. அவ்வதிகாரத்தின் எஞ்சிய குறள்களுட் பல, தன் வலிமையின் அளவறியாதவனைப் பற்றியே பேசுகின்றன. பிறரை அறிவதற்கென 59ஆம் அதிகாரமாக ஒற்றாடல் அமைகிறது. ஓர் ஒற்றர் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றரைக் கொண்டு ஒத்துப் பார்க்கவேண்டும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒன்றுபட்டால்தான் தெளியலாம் என்கிறார் வள்ளுவர். செய்தியைத் தேடுவதில் காட்டும் ஊக்கத்தைவிட, வந்த செய்தியை ஐயுறுவதிலேயே அவர் மிகுந்த கவனம் செலுத்துகிறார்.

படைக்கலக் கொட்டில்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். மறைக்கவேண்டிய படைவலியைப் பகைவரின் தூதருக்கே காட்டியதன் நோக்கம் வெளிப்படை. கண்டவர் சென்று சொல்லவேண்டும், கேட்டவன் அஞ்சவேண்டும். மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலுடைய பெருமனையில் வைக்கப்பட்டிருந்த அப்படைக்கலங்களை ஔவையார் கண்டார். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முரிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று பாடினார்.

புறநானூற்றின் 95ஆம் பாடலாகிய இதனைப் புகழ்வதுபோலப் பழிப்பதன் சுவைக்காகவே பெரும்பாலும் படிக்கிறோம். அதில் ஓர் உளவறிஞரின் கூர்மையும் இருக்கிறது. தொண்டைமான் காட்டியது படைக்கலங்களின் மிகுதி. ஔவையார் கண்டது அவை போர்க்களம் காணாமை. ஒரே காட்சியில் இருவேறு செய்திகள் இருந்தன. அச்சுறுத்துவதற்கென்று ஒருவன் காட்டுவதிலேயே அவன் காட்ட விரும்பாததும் வெளிப்பட்டுவிடலாம்.

தண்ணீர்ப் பஞ்சம் என்றொரு பொய்

வந்த செய்தியைச் சோதித்தல் என்பது நடைமுறையில் எத்தகையது என்பதற்கு 1942ஆம் ஆண்டின் மிட்வே போர் தெளிவான சான்று. ஜப்பானியக் கடற்படையின் மறைகுறிச் செய்திகளை ஹவாயிலிருந்த அமெரிக்க அதிகாரி ஜோசப் ரோஷ்ஃபோர்ட்டின் குழு ஓரளவு படித்துக்கொண்டிருந்தது. 'ஏ.எஃப்.' எனும் குறியால் சுட்டப்பட்ட ஓரிடத்தின்மீது பெருந்தாக்குதல் வரவிருப்பது தெரிந்தது. அது மிட்வே தீவு என்றார் ரோஷ்ஃபோர்ட். வாஷிங்டனில் இருந்தோர் ஐயுற்றனர்.

ஐயத்தைத் தீர்க்க எளிய சூழ்ச்சி ஒன்று கையாளப்பட்டது. கடல்நீரை நன்னீராக்கும் பொறி பழுதாகிவிட்டது எனச் சாதாரண மொழியிலேயே வானொலியில் அறிவிக்குமாறு, கடலடிக் கம்பி வழியாக மிட்வே தீவினருக்கு மறைவாகச் சொல்லப்பட்டது. அவர்களும் அறிவித்தனர். விரைவிலேயே ஜப்பானியச் செய்தியொன்று 'ஏ.எஃப்.' இடத்தில் நன்னீர் குறைவு என்றது. பகைவரின் வாயாலேயே விடை வந்துவிட்டது!

அமெரிக்கக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸிடம் அப்போதிருந்த விமானந்தாங்கிக் கப்பல்கள் மூன்றே. அவற்றுள் யார்க்டவுன் முந்தைய போரில் சிதைந்து திரும்பியிருந்தது. செப்பனிட மூன்று மாதங்கள் ஆகலாம் என்றனர். தாக்குதலின் இடமும் ஏறத்தாழ நாளும் தெரிந்திருந்ததால், மூன்றே நாளில் இயன்றவரை செப்பனிட்டு அதனைக் களத்திற்கு அனுப்பினார். மூன்று கப்பல்களும் மிட்வேயின் வடகிழக்கே காத்திருந்தன.

எதிர்த்தரப்பின் நிலை என்ன? யார்க்டவுன் மூழ்கிவிட்டது என ஜப்பானியர் கருதினர். அமெரிக்கக் கப்பல்களைக் கண்காணிக்க அனுப்பிய நீர்மூழ்கிகள் காவலிடம் சேர்வதற்குள் அக்கப்பல்கள் கடந்து சென்றுவிட்டன. போருக்கு முன் மேசைமேல் நடத்திய ஒத்திகையில் தம் கப்பல்கள் மூழ்கியதாக முடிவு வந்தபோது, அம்முடிவை மேலதிகாரி மாற்றியமைத்தார் என்று ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் பின்னர் நூலில் எழுதினர். விரும்பாத விடையைத் தந்தது என்பதற்காகத் தராசையே திருத்திய செயல் அது. தன்வலி அறியாமையை வள்ளுவர் ஏன் அத்துணை அழுத்திச் சொன்னார் என்பது இங்கே விளங்கும்.

ஜூன் 4 அன்று காலை, கடலில் பகைக்கப்பல் இல்லையென்ற நம்பிக்கையில், ஜப்பானியத் தளபதி நகுமோ தம் விமானங்களுக்குத் தீவைத் தாக்குவதற்கேற்ற குண்டுகளைப் பொருத்த ஆணையிட்டார். அரைமணி நேரம் தாமதமாகப் புறப்பட்டிருந்த உளவு விமானம் ஒன்று அதன்பின்பே பகைக்கப்பல்களைக் கண்டது. அவற்றுள் விமானந்தாங்கியும் உண்டு என்று சொல்ல அதற்கு மேலும் நேரமாயிற்று. அன்று தாக்குண்ட நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிகளும் மூழ்கின. அமெரிக்கர் யார்க்டவுனை இழந்தனர்.

செய்தியே வெற்றியைத் தந்தது என்பது மிகை. ஹார்னெட் கப்பலிலிருந்து சென்ற 15 டார்பிடோ விமானங்களும் வீழ்த்தப்பட்டன. அவற்றில் சென்ற 30 பேரில் உயிர் மீண்டவர் ஒருவரே. எங்கே காத்திருக்கவேண்டும் என்பதைச் செய்தி சொன்னது. அதற்குமேல் நிகழ்ந்தவை வீரர்களின் துணிவாலும் தற்செயலாலும் ஆனவை.

உறையூரில் ஒரு புலவன்

நிமிட்ஸுக்கு ஐயத்தைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. அவ்வழி இல்லாத ஒருவனின் நிலையைப் புறநானூற்றின் 47ஆம் பாடல் காட்டுகிறது. சோழர்குலத்து நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை மூண்டிருந்த காலம். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான்.

அவனது ஐயத்தை அறிவின்மை என்று தள்ளிவிட இயலாது. ஒற்றர் துறவியர் வேடத்தில் செல்வர் என்கிறது ஒற்றாடல். ஊர்தோறும் செல்லவும் எந்த அரசவையிலும் நுழையவும் உரிமை பெற்ற புலவனின் கோலம், வேவு பார்ப்பதற்கு அதனினும் ஏற்றது. வந்தவன் பகைவனிடமிருந்து வந்தவன் என்பது உறுதி. புலவன்தானா என்பது உறுதியன்று. விடுவித்தால் நகரின் நிலை பகைவனுக்குத் தெரிந்துவிடலாம். கொன்றாலோ, குற்றமற்ற உயிர் ஒன்று போகலாம்.

அந்நேரத்தில் கோவூர்கிழார் பாடினார். இளந்தத்தன் ஒற்றனல்லன் என்பதற்குச் சான்று எதையும் அவர் அடுக்கவில்லை. பறவைபோல் நெடுவழி கடந்து வள்ளல்களை நாடுவதும், பெற்றது கொண்டு சுற்றத்தை உண்பிப்பதும், சேர்த்து வைக்காது வழங்குவதுமான பரிசில் வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு எண்ணியதுண்டோ என்று கேட்டார். கல்வியால் மாற்றாரை வென்று தலைநிமிர்ந்து நடப்பதன்றி அவர்கள் வேறு தீங்கு அறியார் என்றார். தனிமனிதனைப் பற்றிய செய்தி கிடைக்காத இடத்தில், அவன் சார்ந்த வாழ்க்கைமுறையைப் பற்றிய அறிவை அரசன்முன் வைத்தார்.

கோவூர்கிழாரும் நலங்கிள்ளியைப் பாடியவர்தாம். அவர் சொல்லை நெடுங்கிள்ளி ஏன் நம்பினான்? பாடல் இதற்கு விடை தரவில்லை. எனினும் உறையூர் முற்றுகையின்போது இருவரையும் நோக்கி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இடித்துரைத்தவரும் இவரே. ஒருபக்கம் சாயாத நாவினர் என்பதை நெடுங்கிள்ளி தானே கேட்டறிந்திருக்க வேண்டும் எனக் கருதுவதற்கு இடமுண்டு. பாடலின் அடிக்குறிப்பு, கோவூர்கிழார் பாடி இளந்தத்தனை உயிர் பிழைக்கச் செய்தார் என்று மட்டும் பதிவு செய்கிறது.