தூக்குவது வேறு, சுமப்பது வேறு

மூன்றாம் ஆண்டு மாணவி, இயற்பியல்

நெம்புகோல் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆய்வுக்கூடத்தில் கத்திமுனையின் மேல் நிற்கும் மீட்டர் அளவுகோல்தான். அதன் இருபுறமும் நூலில் எடைகளைத் தொங்கவிட்டு, திருப்புத்திறன் தத்துவத்தைச் சரிபார்த்து, பதிவேட்டில் கையொப்பம் வாங்கிவிட்டால் நம் கடமை முடிந்தது. நானும் அப்படித்தான் முடித்தேன். முழு மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அதே தத்துவம் எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் என் கண்ணெதிரே வந்து நின்றபோது, அதை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அன்று நேர இருந்த கேட்டையும், அதன்பின் கற்ற பாடத்தையும் சக மாணவ மாணவியருடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரம்பை அடித்த கோடை

சென்ற கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றியது. கண்மாயின் அடியில் படிந்திருக்கும் கரம்பை மண்ணைப் புஞ்சையில் பரப்பினால் நிலம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முறைப்படி அனுமதி பெற்றுக் கரம்பை அடிக்க முடிவு செய்தோம். கண்மாயின் உள்வாயை ஒட்டியே எங்கள் அரை ஏக்கர் புஞ்சை இருப்பதால் தூரம் அதிகமில்லை. சித்தப்பாவிடம் ஒரு சிறு டிராக்டர் இருக்கிறது. அதன் முன்புறம் மண் அள்ளும் லோடரும் பொருத்தியிருக்கிறார்.

எவ்வளவு மண் தேவை என்று கணக்கிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. அரை ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப 40 கன மீட்டர் மண் வேண்டும். லோடரின் பக்கெட் தலைதட்டி அள்ளினால் 0.2 கன மீட்டர் கொள்ளும். ஆக 200 நடை. டீசல் விலையை எண்ணிப் பார்த்தேன். "சித்தப்பா, குவிச்சு அள்ளுங்க. வண்டிதான் தூக்குதே! நடை குறையுமில்ல" என்று நான்தான் சொன்னேன்.

முதல் நாள் மேல்மண் காய்ந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் அடியிலிருந்த ஈரக் கரம்பையை அள்ளினோம். பக்கெட் மறைக்காமல் பாதை தெரிய வேண்டும் என்று அதைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு சித்தப்பா சரிவில் ஏறினார். நடுவழியில் ஒரு கருவேல முளை குறுக்கிட்டது. அதைத் தவிர்க்கச் சரிவுக்குக் குறுக்கே வண்டியைத் திருப்பினார். அவ்வளவுதான்! மேட்டுப் பக்கத்துப் பின்சக்கரம் ஒரு முழம் மேலே எழும்பிவிட்டது. பள்ளத்துப் பக்க மட்கார்டின் மேல் என் தம்பி உட்கார்ந்திருந்தான்.

சித்தப்பா பதறாமல் பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட்டார். எழும்பிய சக்கரம் தொப்பென்று மீண்டும் நிலத்தில் பதிந்தது. எல்லாம் மூன்று நொடிக்குள் நடந்து முடிந்தது. யாருக்கும் காயமில்லை. என்ஜினை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்த சித்தப்பா, "படிச்ச பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்த்தா" என்றார். அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலையே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு டிராக்டரைச் சுற்றிவந்து அளந்தேன். அந்தத் தோராயமான அளவுகளைக் கொண்டே கீழ்வரும் கணக்குகளைச் செய்துள்ளேன்.

மண்ணின் எடை

ஒரே பக்கெட், ஒரே மண். ஆனால் எடை ஒன்றல்ல. வெட்டி உதிர்த்த காய்ந்த மண் கன மீட்டருக்கு 1,200 கிலோ அளவில் இருக்கும். ஈரமான களிமண்ணோ 1,750 கிலோவைத் தாண்டும். தலைதட்டி அள்ளிய 0.2 கன மீட்டர் காய்ந்த மண் 240 கிலோ. குவித்து அள்ளிய 0.25 கன மீட்டர் ஈரக் கரம்பை ஏறத்தாழ 440 கிலோ. பார்வைக்குச் சிறிது கூடியதாகத் தோன்றும் சுமை, உண்மையில் இரண்டு மடங்கை நெருங்கிவிட்டது. கண் கன அளவைத்தான் காண்கிறது, எடையைக் காண்பதில்லை.

எண்ணெயின் வலிமை

இவ்வளவு எடையை அந்தச் சிறு வண்டி எப்படித் தூக்கியது? பாஸ்கல் விதியே விடை. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவுகிறது. பம்பு தரும் எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ என்று கொள்வோம். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். எனவே ஒரு பிஸ்டன் தரும் விசை 2,940 கிலோ எடை. இரண்டும் சேர்ந்தால் 5,880.

இந்த விசை முழுவதும் பக்கெட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. லோடரின் கை மூன்றாம் வகை நெம்புகோல்; நம் முழங்கையைப் போன்றது. கை திரும்பும் அச்சிலிருந்து பிஸ்டனின் விசைக்கோடு 25 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. பக்கெட்டின் நடுவோ 180 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. ஆகவே 5,880 என்பது பக்கெட்டில் ஏறத்தாழ 817 ஆகக் குறைகிறது. கையின் எடையையும் பக்கெட்டின் எடையையும் கழித்தாலும் 440 கிலோ மண்ணைத் தூக்குவதில் எண்ணெய்க்கு எந்தச் சிரமமும் இல்லை. "வண்டிதான் தூக்குதே" என்று நான் சொன்னது உண்மையே. ஆனால் அது பாதி உண்மை.

முன் அச்சு என்னும் ஆதாரம்

மீதிப் பாதியைப் பார்ப்போம். முன் சக்கரங்களின் அச்சை ஆய்வுக்கூடத்துக் கத்திமுனையாக எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பக்கெட்டில் மண் இருக்கிறது. பின்னால் டிராக்டரின் எடை இருக்கிறது. இதுவே மீட்டர் அளவுகோல்!

லோடருடன் சேர்த்து வண்டியின் எடை 1,200 கிலோ என்றும், அது முன்னும் பின்னும் 600 கிலோ வீதம் அமைந்திருப்பதாகவும் கொள்வோம். இரு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரம் 1.5 மீட்டர். எனவே முன் அச்சைப் பற்றிப் பின்பக்கத் திருப்புத்திறன் 600 × 1.5, அதாவது 900. பக்கெட்டின் நடு முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் இருக்கிறது. 440 கிலோ மண்ணின் திருப்புத்திறன் 440 × 1.2, அதாவது 528. மிஞ்சுவது 372. இதை 1.5 ஆல் வகுத்தால் பின்சக்கரங்களின் மேல் எஞ்சும் எடை 248 கிலோ மட்டுமே.

முன்னால் என்ன ஆயிற்று? மொத்த எடை 1,640. அதில் 248 போக, 1,392 கிலோ முன் அச்சின் மேல் இறங்கிவிட்டது. நாம் ஏற்றியது 440 கிலோ. ஆனால் முன் அச்சில் கூடியது 792 கிலோ. பின்னாலிருந்த எடையும் முன்னால் வந்து சேர்ந்துகொண்டதே காரணம். இந்தக் கணக்கை எழுதி முடித்தபோது என் கை நடுங்கியது என்றால் அது மிகையன்று.

பின்சக்கரம் இலேசானால் வண்டி கவிழும் என்பது மட்டுமல்ல. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில்தான் பிடிக்கிறது. பிடிமானமில்லாத சக்கரத்தில் பிரேக் இருந்தும் பயனில்லை.

நான்கு சக்கரம், மூன்று கால்

நான்கு சக்கரமுள்ள டிராக்டர் நாற்காலியைப் போல நிற்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அது தவறு. மேடு பள்ளத்துக்கு ஏற்ப அசைவதற்காக, முன் அச்சு நடுவில் ஒரு முளையில் ஊசலாடும்படி மாட்டப்பட்டிருக்கிறது. ஆகவே பக்கவாட்டில் சாயத் தொடங்கும்போது வண்டியைத் தாங்குவது ஒரு முக்கோணமே. இரு பின்சக்கரங்கள் அதன் அடிப்பக்கம். முன் அச்சின் முளை அதன் உச்சி.

ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு இந்த முக்கோணத்துக்குள் விழும்வரை வண்டி நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும். முன்னால் சுமை ஏற ஏற ஈர்ப்பு மையம் முக்கோணத்தின் குறுகிய உச்சியை நோக்கி நகர்கிறது. பக்கெட்டை உயர்த்தினால் அது மேலேயும் ஏறுகிறது. சரிவில் குறுக்கே திருப்பினால் செங்குத்துக்கோடு பள்ளத்துப் பக்கம் சாய்கிறது. அன்று நாங்கள் இம்மூன்றையும் ஒரே நொடியில் செய்தோம்!

எதிர் எடை

இக்கணக்கை எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் முழுவதையும் படித்துவிட்டு, "அளவுகோல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வாய்?" என்று மட்டும் கேட்டார். மறுபக்கம் எடை போடுவேன்!

200 லிட்டர் இரும்புப் பீப்பாயில் பாதியளவு கான்கிரீட் கொட்டினோம். கான்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ. எனவே 240 கிலோ. கலப்பை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில், பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் அமையுமாறு அதைப் பொருத்தினோம். முன் அச்சிலிருந்து அதன் தூரம் 2.5 மீட்டர், திருப்புத்திறன் 600. அதே 440 கிலோ மண்ணுடன் இப்போது பின்சக்கரங்களின் மேல் 648 கிலோ நிற்கிறது. வியப்பு என்னவென்றால், வண்டியின் மேல் 240 கிலோ கூடுதலாக ஏற்றியும் முன் அச்சின் பாரம் 160 கிலோ குறைந்துவிடுகிறது.

ஆயினும் எதிர் எடை இருக்கிறது என்று நாங்கள் மீண்டும் குவித்து அள்ளவில்லை. ஈரமண்ணைப் பக்கெட்டின் பாதிக்குச் சற்று மேலே மட்டும் அள்ளினோம்.

கைக்கொள்ள வேண்டியவை

லோடர் அள்ளும் கருவி. தோண்டும் கருவி அன்று. இறுகிய தரையில் பக்கெட்டை முட்டித் தள்ளினால் கைகள் முறுக்கிக்கொள்ளும். முதலில் கொத்துக் கலப்பையால் மண்ணைக் கிளறிவிட வேண்டும். பிறகு எதிர் எடையை மாட்டிக்கொண்டு, தாழ்ந்த கியரில் நேராகச் சென்று, பக்கெட்டின் அடி தரையோடு படியுமாறு நுழைத்து, முன்னேறிக்கொண்டே அதைச் சுருட்ட வேண்டும். பக்கெட் மண்ணுக்குள் இருக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பக்கூடாது.

சுமையுடன் செல்லும்போது பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். கொட்டும் இடத்தில் மட்டும் உயர்த்தினால் போதும். சரிவில் சுமை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். அதாவது, ஏறும்போது முன்னோக்கியும், இறங்கும்போது பின்னோக்கியும் செல்ல வேண்டும். குறுக்கே செல்லவே கூடாது. இடது வலது பிரேக் மிதிகளைக் கொக்கியால் இணைத்துவிட வேண்டும்.

உயர்த்திய பக்கெட்டின் கீழ் யாரும் நிற்கலாகாது. எண்ணெய்க்குழாய் ஒன்று வெடித்தால் அது அப்படியே இறங்கிவிடும். குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும் ஆபத்து. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். அட்டைத்துண்டைக் காட்டிப் பார்ப்பதே முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநரைத் தவிர வேறு எவரும் டிராக்டரின் மேல் இருக்கக்கூடாது. மட்கார்டு என்பது சேறு தடுக்கும் தகடு. அது இருக்கை அன்று.

முடிவுரை

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். பள்ளியில் அதைப் படித்தபோது மயிலிறகைத்தான் நினைத்துக்கொண்டேன், அச்சை நினைக்கவில்லை. தூக்கும் வலிமை எண்ணெயில் இருக்கிறது. சுமக்கும் வலிமை நிலத்தைத் தொட்டு நிற்கும் சக்கரங்களில் இருக்கிறது. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை அறியாமல் அன்று நான் ஆலோசனை சொன்னேன்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நாம் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம் வீட்டார் நம்புகிறார்கள். பதிவேட்டில் விடை சரியாக இருந்தால் மட்டும் அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதி பெற்றுவிட மாட்டோம். எங்கள் புஞ்சைக்கு 200 நடைக்குப் பதில் 260 நடைக்கும் மேல் ஆயிற்று. டீசல் செலவு கூடியதுதான். கடைசி நடை முடிந்ததும் சித்தப்பா பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, "அடுத்த கோடைக்கு எத்தனை நடைன்னு இப்பவே கணக்குப் போட்டு வைத்தா" என்றார். வரப்பில் உட்கார்ந்திருந்த தம்பி சிரித்தான்.