மைலோவில் கலக்கும் மாத்திரை

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 29 வயது. ஆறு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை. போன தீபாவளிக்குப் பிறகு மாத்திரை வேண்டாம் என்று நிறுத்திவிட்டான். சாப்பாட்டில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று பயந்துகொண்டே இருப்பான். இப்போது அம்மா மாத்திரையை இடித்து, அவனுக்குத் தெரியாமல் மைலோவில் கலந்து கொடுக்கிறார். கொஞ்சம் அமைதியாகத்தான் இருக்கிறான். இது தப்பா? நான் வளர்த்த வளர்ப்புதான் சரியில்லை என்று அம்மா தினமும் அழுகிறார். அவருக்கு 64 வயது. நான் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை செய்கிறேன். அம்மாவுக்குப் பிறகு தம்பியை யார் பார்ப்பது?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அன்புச் சகோதரி, மைலோவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அம்மா செய்வது பயத்திலும் பாசத்திலும் செய்வது. அதை ஒரு நாளும் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த வழக்கம் நிற்க வேண்டும்.

தம்பியின் பயமே சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்பதுதான். என்றைக்காவது கோப்பையின் அடியில் வெள்ளைப் பொடி தங்கியிருப்பதை அவர் பார்த்துவிட்டால், அந்தப் பயம் உண்மையாகிவிடும். கலந்தது யாரோ இல்லை, அம்மா. அதற்குப் பிறகு அம்மா கையால் ஒரு வாய் சோறு வாங்குவாரா? மருந்தின் கணக்கும் தவறிப்போகும். பாதி மைலோவைக் குடித்துவிட்டு வைத்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? இடிக்கவே கூடாத மாத்திரைகளும் உண்டு. தம்பி மருந்தே சாப்பிடவில்லை என்று நினைத்து டாக்டர் வேறு மருந்து எழுதினால் ஆபத்து இன்னும் அதிகம்.

அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். மருந்து சட்டென்று நின்றால் நோய் மறுபடி தலைதூக்கும். முதலில் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சொன்னால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா பயப்படலாம். 1911-ல் திறந்த அந்த மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை நம் ஆட்கள் வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். இன்று பெரும்பாலானோர் வீட்டில் இருந்தபடியேதான் சிகிச்சை பெறுகிறார்கள். தம்பி ஏன் நிறுத்தினார் என்று யாராவது பொறுமையாகக் கேட்டீர்களா? பகலெல்லாம் தூக்கம், எடை ஏறுவது, கை நடுக்கம், ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு என்று பக்கவிளைவுகள் பல. ஆண்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்லாத தொல்லைகளும் உண்டு. காரணம் தெரிந்தால் டாக்டர் மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். தம்பி சம்மதித்தால் மாதம் ஒரு முறை போடும் ஊசி இருக்கிறது. தினமும் நடக்கும் மாத்திரைச் சண்டை அதோடு வீட்டை விட்டுப் போகும்.

அம்மாவின் அழுகைக்கு வருகிறேன். தாயின் வளர்ப்புதான் காரணம் என்று 1948-ல் ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவரே எழுதினார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அது தவறு என்று மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. உலகில் ஏறக்குறைய 345 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மரபணுவும் மூளையின் இயக்கமும் வாழ்க்கை நெருக்கடிகளும் சேர்ந்து வருவது இது. இதை அம்மாவிடம் நீங்கள் சொல்வதைவிட, டாக்டர் வாயால் ஒரு முறை கேட்கவையுங்கள்.

நோய் வருவதற்கு வீடு காரணம் இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் வீட்டின் சூழலுக்குப் பங்கு உண்டு. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவருக்குப் பின் வந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள்: ஓயாத குறைசொல்லலும், கண்ணிமை போலக் காக்கிறேன் என்று மூச்சுவிட இடம் தராத கவனிப்பும் உள்ள வீடுகளில் நோய் அடிக்கடி திரும்பியது. "எந்திரிடா, இப்படிப் படுத்தே கிடந்தா எப்படி?" என்ற ஏச்சு பல வீடுகளில் காலையில் கேட்பதுதான். படுத்தே கிடப்பதும் நோயின் அறிகுறி, சோம்பல் இல்லை என்று தெரிந்துவிட்டால் குரல் தானாக இறங்கும்.

குடும்பத்துக்கு இதையெல்லாம் சொல்லித்தருவதும் சிகிச்சையில் ஒரு பகுதி. வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் 1950களிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துக் கற்றுத்தருகிறார்கள். பினாங்கில் இப்படிப்பட்ட குடும்பங்கள் கூடிப் பேசவே அமிடா என்ற அமைப்பு இருக்கிறது. அம்மாவை அங்கே ஒரு முறையாவது கூட்டிப்போங்கள். இதே பாடுபட்ட இன்னொரு தாயிடம் பேசும் அரைமணி நேரம் தரும் ஆறுதலை என் மாத்திரைச் சீட்டு தராது. வாரத்தில் உங்கள் ஓய்வு நாள் ஒன்றில் தம்பியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா தண்ணீர்மலை கோயிலுக்கோ தங்கச்சி வீட்டுக்கோ போய்வரட்டும். அவருடைய பிரஷரையும் இனிப்பு நீரையும் யார் கவனிக்கிறார்கள்?

அம்மாவுக்குப் பிறகு என்ற கேள்விக்கு, அவர் இருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். மனநலக் குறைபாட்டுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ கார்டு உண்டு. குறைந்தது 2 வருட சிகிச்சை வேண்டும் என்பார்கள். தம்பிக்கு அது தாண்டிவிட்டது. நிபுணர் பாரத்தில் கையெழுத்து வாங்கி சமூகநல இலாகாவில் பதியுங்கள். வேலை செய்ய முடியாதவருக்கு மாத உதவி உண்டு, வருமான வரம்பைப் பார்த்துத் தருவார்கள். வேலைக்குப் போக விருப்பமிருந்தால், சுகாதார அமைச்சின் மெந்தாரி மையங்கள் வேலை தேடவும் அதில் நிலைக்கவும் துணை நிற்கின்றன. அதை டாக்டரிடம் கேளுங்கள்.

நிலைமை கைமீறி தம்பியாலோ தம்பிக்கோ ஆபத்து என்றால் 999-ஐ அழையுங்கள். 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக போலீசுக்கும் சமூகநல அதிகாரிக்கும் அதிகாரம் உண்டு. 2023 திருத்தம் தீயணைப்புப் படையினருக்கும் அதைத் தந்திருக்கிறது. அந்த அளவுக்குப் போகாமல், மனம் தாங்காத இரவுகளில் நீங்களோ அம்மாவோ பேசுவதற்கு 15555 என்ற ஹீல் எண் இருக்கிறது.

அடுத்த அப்பாயின்மெண்டுக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு நீங்களும் போங்கள். தம்பியின் அனுமதி இல்லாமல் டாக்டர் உங்களிடம் சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்பதற்கு அவருக்கு எந்தத் தடையும் இல்லை.