ஆவணத்துள் மறைந்த தொகுப்புகள்

கூகுள் நிறுவனம் 2017ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ஃபயர்ஸ்டோர், மேகக்கணிமைவழி இயங்கும் ஆவணத் தரவுத்தளமாகும். இதில் தரவுகள் ஆவணங்களாகவும், ஆவணங்கள் தொகுப்புகளாகவும் அமைகின்றன. ஓர் ஆவணத்தின்கீழ்த் துணைத்தொகுப்பு அமையலாம். இவ்வடுக்கு 100 நிலைகள்வரை நீளும்.

‘மாணவர்கள்’ என்னும் தொகுப்பில் ஒரு மாணவரின் ஆவணமும், அதன்கீழ் ‘மதிப்பெண்கள்’ என்னும் துணைத்தொகுப்பும் இருப்பதாகக் கொள்வோம். அவ்வாவணத்தைப் படித்தால் பெயரும் வகுப்பும் கிடைக்கும், மதிப்பெண்கள் கிடைக்கா. அப்படியொரு துணைத்தொகுப்பு உண்டு என்னும் குறிப்பும் அதில் இராது. ஆவணத்தை அழித்தாலும் துணைத்தொகுப்பு அழியாது. அடிமரம் வெட்டுண்ட பின்னும் கிளை அந்தரத்தில் நிற்பது போன்ற விந்தை இது! பள்ளியை விட்டு நீங்கிய மாணவரின் விவரங்கள் யாவும் நீக்கப்பட்டன என நாம் நம்பியிருக்க, அவர்தம் மதிப்பெண்கள் அங்கேயே தங்கியிருக்கும்.

ஆகவே, அழிக்குமுன் துணைத்தொகுப்புகளைப் பட்டியலிடுதல் வேண்டும். அதற்குரிய கட்டளை சேவையகத்தில் இயங்கும் நிரல்களுக்கே உண்டு. கைப்பேசிச் செயலியிலிருந்தோ உலாவியிலிருந்தோ அதனை இட இயலாது. கிடைக்கும் பட்டியலும் ஒரு நிலைக்கு உரியதே. அடுத்த நிலையைக் காண, ஒவ்வோர் ஆவணத்திடமும் மீண்டும் வினவ வேண்டும். முன்பே அழிக்கப்பட்ட ஆவணமோ வழக்கமான தேடலில் தோன்றாது. ஆவணப் பெயர்களைப் பட்டியலிடும் தனிக்கட்டளையே அதன் இடத்தைக் காட்டும்.