மேகக் கணிமையில் முகவர்கள்: அதிகாரமும் எல்லையும்

பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிப் பணிகள் யாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவை வாடகைக்கு அளிக்கும் மேகக் கணிமைத் தளங்களில் இரண்டு மூன்றை ஒருசேரப் பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது. இத்தளங்களினூடே இன்று செயற்கை நுண்ணறிவு முகவர்கள் பணிபுரிகின்றன. ஒரு குறிக்கோளைக் கொடுத்தால், அதற்கான படிகளைத் தானே வகுத்து, கோப்புகளைப் படித்தும் கடிதங்களை அனுப்பியும் வேலையை முடிக்கும் மென்பொருளே முகவர் எனப்படுகிறது.

சிக்கலின் தன்மை

சாதாரண மென்பொருள் எழுதி வைத்ததை மட்டுமே செய்யும். முகவரோ, தான் படிக்கும் செய்தியைக் கொண்டு அடுத்த செயலை முடிவு செய்கிறது. ஆதலின், வெளியார் அனுப்பிய மின்னஞ்சலில் மறைந்துள்ள கட்டளையையும் அது தன் உரிமையாளரின் கட்டளையாகக் கொள்ளக்கூடும். மைக்ரோசாஃப்டின் கோபைலட் உதவியாளரில் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்ட 'எக்கோலீக்' என்னும் குறைபாடு, 2025 ஜூனில் இதனை உணர்த்திற்று.

அதே ஆண்டு ஆகஸ்டில், சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் 'டிரிஃப்ட்' உரையாடல் முகவருக்கு அளிக்கப்பட்டிருந்த அனுமதிச் சாவிகள் களவு போயின. அவற்றைக் கொண்டு நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்குகளிலிருந்து தரவுகள் எடுக்கப்பட்டன. எடுத்த தரவுகளுக்குள் அமேசான் முதலிய பிற தளங்களின் சாவிகளையும் களவாடியோர் தேடினர். ஒரு தளத்தின் இழப்பு மற்றொன்றிற்குப் பரவும் வழி இதுவே.

தீர்வு யாது?

அலுவலக நிர்வாகம் நெடுங்காலமாக அறிந்த நெறிகளே இங்கும் பொருந்துவன.

முதலாவதாக, ஒவ்வொரு முகவருக்கும் தனி அடையாளம் வேண்டும். பணியாளர் ஒருவரின் கணக்கை அது இரவல் பெறலாகாது. இரண்டாவதாக, பணிக்குத் தேவையான அளவு அதிகாரமே, குறுகிய காலத்திற்கு மட்டும் வழங்கப்பட வேண்டும். மூன்றாவதாக, பணம் வழங்கல், தரவு அழித்தல் போன்ற மீட்க இயலாச் செயல்களுக்கு மனிதரின் ஒப்புதல் இன்றியமையாதது. நான்காவதாக, தளந்தோறும் அனுமதி முறையும் பதிவேடும் வேறுபடுவதால், எல்லாப் பதிவுகளையும் ஓரிடத்தில் திரட்டிக் கண்காணித்தல் அவசியமாகும்.

சட்டத்தின் நிலை

இந்தியக் கணினி அவசரநிலை உதவிக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த கட்டளைப்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும். பதிவேடுகளை 180 நாள்கள் காத்தல் வேண்டும். சிதறிய பதிவேடுகளைக் கொண்டு 6 மணி நேரத்தில் உண்மையை அறிவது எளிதன்று.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பளிக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க வகை செய்கிறது. தன் சார்பில் பிறர் தரவைக் கையாண்டாலும், பொறுப்பு நிறுவனத்தையே சாரும் என்பது அச்சட்டத்தின் கொள்கை. எனவே, முகவரிடம் அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கும் நிறுவனம், அந்த அதிகாரம் எங்கே முடிகிறது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வரையறுத்துக்கொள்வது கடமையாகும்.