"சொந்தக்காரர் கையெழுத்து இருந்தால்தான்..."

கேள்வி: ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். காய்ச்சலோடு ஒரு திருநங்கை அட்மிட் ஆனார். ஆதாரில் உள்ள ஆண் பெயரைச் சொல்லி வார்டே கேட்கக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். ஊசி போட இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். கூட வந்த தோழியை வெளியே அனுப்பிவிட்டு, சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். இது சரியா? நான் புகார் செய்தால் என் வேலை என்னாகும்?
- பெயர் வேண்டாம், சோழபுரம்

பதில்: கையெழுத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிகிச்சை தாமதமாவது பெரும்பாலும் அங்கேதான். 18 வயது நிரம்பி, சுயநினைவோடு இருப்பவரின் சிகிச்சைக்கு அவரே சம்மதம் தர வேண்டும். 2008-இல் சமீரா கோலி வழக்கில், மயக்க மருந்தில் இருந்த மகளுக்காகத் தாய் தந்த சம்மதமே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, விழித்ததும் அவரையே கேட்டிருக்கலாம் என்பது காரணம். அப்படியிருக்க, தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவரிடம் அண்ணன் தம்பியைக் கூட்டிவரச் சொல்வது வெறும் பழக்கம், சட்டம் அல்ல. வீட்டார் துரத்திவிட்ட ஒருவர் யாரைத்தான் கூட்டி வருவார்? தாமே தேர்ந்துகொண்ட உறவுகளும் குடும்பமே என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அந்தத் தோழியை வெளியே அனுப்பியது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

ஊசி போட மறுத்தது 2019-ஆம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டத்துக்கு நேர் எதிரானது. மருத்துவ சேவையை மறுப்பது, இடையில் நிறுத்துவது, பாரபட்சமாக நடத்துவது மூன்றையும் 3-ஆம் பிரிவு தடை செய்கிறது. தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். சொல்லால் துன்புறுத்துவது 18-ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அபராதம். பதிவேட்டில் ஆதார் பெயர் இருக்கட்டும். கூப்பிடும் பெயரைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ள எந்தச் சான்றிதழும் வேண்டாம். "எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்று உங்களோடு வேலை செய்யும் நர்ஸ்கள் சொல்லலாம். பயிற்சியில் திருநரைப் பராமரிப்பது பற்றி யாரும் அவர்களிடம் பேசியிருக்க மாட்டார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் பாலினம் பார்க்காமல் பராமரிக்க வேண்டும் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் நெறிமுறை. 2019 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துத் திருநங்கை அன்பு ரூபி அரசு செவிலியராகப் பணி ஆணை பெற்ற மாநிலம் இது.

நாளை இதே வார்டுக்குத் தன்பாலீர்ப்பாளர்கள் வந்தால், அவர்களுக்கு இந்த 2019 சட்டம் உதவாது. இது பெரிய குறை. மனநல சிகிச்சையில் மட்டும், பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. மற்ற வார்டுகளில் நெறிமுறையும் உங்களைப் போன்றவர்களின் மனசாட்சியுமே அவர்களுக்குத் துணை.

உங்கள் வேலை: புகார் செய்யும் ஊழியரைப் பாதுகாக்க 2019 சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. அதனால் வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள். அதே சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் புகார் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் விசாரிக்க வேண்டும். தேதி, ஷிப்ட், நடந்தது இவற்றை மட்டும் எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்குங்கள். அந்த நோயாளியின் அனுமதி இல்லாமல் அவர் பெயரையோ நோயையோ வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம். பிறகு உங்களுக்கு மெமோ வந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள். போகுமுன் 15100-க்குப் போன் செய்யலாம்.