ரீ-சேர்ட் அச்சுத் தொழில்: மெஷினுக்கு முன் கணக்கு

ரீ-சேர்ட்டில் பெயரும் படமும் அச்சிட்டுக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கலாமா, எந்த மெஷினை வாங்குவது என்று எமது பகுதி இளைஞர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி, உதைபந்தாட்டக் கழகம், மத்ரஸாப் பட்டமளிப்பு, மீனவர் சங்கம் என்று இன்று ரீ-சேர்ட் தேவைப்படாத நிகழ்ச்சி இல்லை. கரைத்தீவிலிருந்து புத்தளத்துக்கும் கொழும்புக்கும் போகும் ஓடரை ஊரிலேயே செய்து கொடுத்தால் அந்தக் காசு ஊரில் தங்கும்.

ஆனால் கேட்பவர்களில் சிலர் வீட்டு நகையை அடகு வைக்கும் யோசனையோடு வருகிறார்கள். தவறான மெஷினை வாங்கிவிட்டால் நகையும் திரும்பாது, மெஷினும் மூலையில் கிடக்கும். ஆகவே இதை வரிசையாகப் பார்ப்போம். முதலில் துணி, அடுத்தது எண்ணிக்கை, அதன் பின் நிறம். மெஷின் கடைசியில்தான்.

துணி என்ன என்று பாருங்கள்

ஒரே அச்சு எல்லாத் துணியிலும் நிற்காது. பருத்தித் துணியா, பொலியெஸ்டர் துணியா, இரண்டும் கலந்ததா என்பதை முதலில் அறிய வேண்டும். விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி, கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணி போல இறுகிவிடும். இரண்டும் தெரிந்தால் கலப்புத் துணி. இந்த ஒரு நிமிடச் சோதனை ஒரு ஓடரையே காப்பாற்றும்.

நான்கு முறைகள்

1. ஸ்கிரீன் பிரிண்ட். சட்டத்தில் இறுக்கிய வலையில் வடிவத்தைப் பதித்து, அதன் வழியே மையைத் தள்ளும் பழைய முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் வேண்டும். அதனால் ஆரம்பச் செலவு உண்டு. ஸ்கிரீன் தயாரான பின் ஒரு சேர்ட்டுக்கான செலவு மிகக் குறைவு. பிளாஸ்டிசோல் மையைச் சுமார் 160 பாகை செல்சியஸ் சூட்டில் சரியாகக் காய வைத்தால் பல வருடம் நிற்கும். சூடு போதாவிட்டால் சில சலவையிலேயே வெடித்துவிடும்.

2. சப்ளிமேஷன். கடதாசியில் அச்சிட்ட சாயம் சுமார் 200 பாகைச் சூட்டில் ஆவியாகித் துணி இழைக்குள்ளேயே புகுந்துவிடும். கையால் தடவினால் அச்சே தெரியாது, உரியவும் மாட்டாது. வியர்வையும் காற்றும் தடையின்றிப் போகும். விளையாட்டு ஜேர்சிக்கு இதைப் போல வேறில்லை. ஆனால் இது பொலியெஸ்டருக்கு மட்டும். அதுவும் வெள்ளை அல்லது வெளிர் நிறத் துணிக்கு மட்டும், ஏனெனில் இதில் வெள்ளை மை கிடையாது. பருத்தியில் போட்டால் சலவையோடு போய்விடும்.

3. டி.ரி.ஜி. கணினி அச்சு மெஷின் கடதாசியில் அடிப்பது போல நேரே துணியில் அடிப்பது. பருத்தித் துணியில் புகைப்படம் போன்ற வேலைக்கு அழகாக வரும். கறுப்புத் துணியென்றால் முதலில் ஒரு திரவம் தெளித்துக் காய வைத்து, அதன் மேல் வெள்ளை மை அடிக்க வேண்டும். மெஷின் விலையும் பராமரிப்பும் அதிகம். சிறு ஊர்க் கடைக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

4. டி.ரி.எப். 2020க்குப் பின் வேகமாகப் பரவிய முறை. பிளாஸ்டிக் பிலிமில் நிறத்தை அடித்து, அதன் மேல் வெள்ளை மை அடித்து, பசைத் தூளைத் தூவி உருக்கி, பின்னர் ஹீட் பிரஸ்ஸால் சேர்ட்டில் ஒட்டுவது. பருத்தி, பொலியெஸ்டர், கலப்பு, கறுப்பு, வெள்ளை எல்லாவற்றிலும் ஒட்டும். ஒரு சேர்ட்டும் செய்யலாம். குறை என்னவென்றால், நெஞ்சு முழுவதும் பெரிய படமாகப் போட்டால் பிளாஸ்டிக் தாள் ஒட்டியது போல இருக்கும். எமது வெயிலுக்கு அது வியர்த்துக் கொட்டும். சிறிய சின்னத்துக்கும் இடைவெளியுள்ள வடிவத்துக்கும் நல்லது.

ஜேர்சியில் ஆளுக்கு ஆள் மாறும் பெயரையும் இலக்கத்தையும் போட, வெட்டி ஒட்டும் வினைல் இன்றும் பயன்படுகிறது.

ஓர் எச்சரிக்கை. சிவப்புப் பொலியெஸ்டர் ஜேர்சியில் வெள்ளை இலக்கம் போட்டுச் சில நாளில் அது இளஞ்சிவப்பாக மாறினால் குறை வெள்ளை மையில் இல்லை. துணியின் சாயம் சூட்டில் கிளம்பி மேலே ஏறுகிறது. குறைந்த சூட்டில் காயும் மை, சாயத்தைத் தடுக்கும் அடித்தள மை ஆகியவை இதற்கென்றே உள்ளன. கேட்டு வாங்குங்கள்.

கணக்கைப் போடுவோம்

கீழே உள்ள எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்களுக்குக் கிடைக்கும் விலையை அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு நிற ஸ்கிரீன் ஒன்றுக்கு 2,500 ரூபா, அதன் பின் சேர்ட் ஒன்றுக்கு மையும் கூலியும் 60 ரூபா. அதே படத்துக்கு டி.ரி.எப். என்றால் சேர்ட் ஒன்றுக்கு 250 ரூபா. வித்தியாசம் 190. 2,500ஐ 190ஆல் பிரித்தால் 13க்குச் சற்று மேல். அதாவது 13 சேர்ட் வரை டி.ரி.எப். மலிவு, 14இலிருந்து ஸ்கிரீன் மலிவு.

மூன்று நிறமானால் ஸ்கிரீன் செலவு 7,500. சேர்ட் ஒன்றுக்கு 120 என்று வைப்போம். வித்தியாசம் 130. இப்போது 58 சேர்ட்டிலிருந்துதான் ஸ்கிரீன் மலிவு.

ஆகவே 240 பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் இல்லச் சின்னம் என்றால் ஸ்கிரீன். பதினைந்து பேர் கொண்ட கழகத்துக்கு ஐந்து நிறச் சின்னம் என்றால் டி.ரி.எப். முழு ஜேர்சியும் வடிவமாக வேண்டுமென்றால் சப்ளிமேஷன். மெஷின் விற்பவர் தன்னிடம் உள்ளதைத்தான் சிறந்தது என்பார். இந்தக் கணக்கு யாருக்கும் சாயாது.

மெஷின் வாங்க வேண்டுமா?

ஒரு மெஷின் 600,000 ரூபா, சேர்ட் ஒன்றில் கையில் மிஞ்சுவது 150 ரூபா என்று வைப்போம். முதலை எடுக்க 4,000 சேர்ட் அடிக்க வேண்டும். மாதம் 100 சேர்ட் என்றால் 40 மாதம். இதில் பழுது பார்க்கும் செலவு சேரவில்லை. எமது ஊரில் ஓடர் ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை. விளையாட்டுப் போட்டிக் காலத்தில் குவியும், பின்னர் வாரக்கணக்கில் ஓய்வு. அந்த ஓய்வுதான் டி.ரி.எப். மெஷினுக்கு எதிரி. அதன் வெள்ளை மையில் உள்ள பாரமான தூள், ஓடாமல் நின்றால் அடியில் படிந்து தலையின் நுண்துளைகளை அடைத்துவிடும். தலை மாற்றும் செலவு சிறிதல்ல. கரையோர ஈரக்காற்றில் பசைத் தூளும் கட்டிபிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதையும் மறக்க வேண்டாம்.

எனவே நான் சொல்லும் வழி இது. முதலில் ஒரு நல்ல ஹீட் பிரஸ் மட்டும் வாங்குங்கள். அச்சிட்ட டி.ரி.எப். பிலிமை மீற்றர் கணக்கில் வெளியில் எடுங்கள். 60 சென்ரிமீற்றர் அகலப் பிலிம் ஒரு மீற்றரில், 28க்கு 30 அளவுப் படம் ஆறு பிடிக்கும். இடைவெளிகளில் கைச் சின்னங்களையும் அடுக்கலாம். ஒரு நிற வேலைக்குக் கைமேசை ஸ்கிரீன் போதும். ஒரு வருடம் ஒவ்வொரு ஓடரையும் கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை சேர்ட், என்ன துணி, எத்தனை நிறம், என்ன மிஞ்சியது. அந்தக் கொப்பி சொல்லும் மெஷினை வாங்குங்கள். அதுவும் கைப்பணத்தில் வாங்குங்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

ஓடர் எடுக்கும்போது

அளவு, நிறம், எழுத்து, தவணை, விலை எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பெயர்களை வாடிக்கையாளரே எழுதித் தரட்டும். முற்பணம் துணி விலைக்குக் குறையக் கூடாது. ஒரு மாதிரிச் சேர்ட்டை அடித்து, ஒரு நாள் விட்டு, மூன்று முறை கழுவிக் காட்டிய பின் மீதியை அடியுங்கள். உட்புறத்தை வெளியே திருப்பிக் கழுவவும், அச்சின் மேல் நேரே அயன் பண்ண வேண்டாம் என்றும் ஒரு சிறு துண்டில் எழுதிக் கொடுங்கள். எந்த முறையில் அச்சிட்டது, எது வரை தாங்கும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குறையை மறைத்து விற்ற சேர்ட், ஊரில் தினமும் உங்கள் பெயரைச் சுமந்து நடக்கும்.

பிரபல கம்பனிகளின் சின்னத்தைப் போட்டுத் தரச் சொல்வார்கள். மற்றவரின் வியாபாரக் குறியை அனுமதியின்றி அச்சிட்டு விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி குற்றம். ஐந்து சேர்ட் இலாபத்துக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டாம். கழகத்துக்கென்று சொந்தச் சின்னம் வரைந்து கொடுங்கள். அடுத்த வருடமும் அவர்கள் உங்களிடமே வருவார்கள்.